அப்புறம் படிச்சுக்கலாம்

போன மாதம் அக்கா பெண் போன் செய்தாள். "மாமா, சமையல் சேனல் ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன். உங்ககிட்ட டிப்ஸ் ஏதாவது இருக்கா?"

இருக்காவா? கொட்டிக் கிடக்கிறது. வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது எப்படி, முதல் பத்து விநாடியில் ஆளைப் பிடித்து உட்கார வைப்பது எப்படி, ஒரு கட்டுரையை ஏழு துண்டாக்கி ஏழு நாள் ஓட்டுவது எப்படி என்று எட்டு வருடமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் சேமித்து, ஃபோல்டர் போட்டு, கலர் கலராக லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். சொத்தை எழுதி வைக்கிற பெருமிதத்தோடு மொத்தத்தையும் அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது. "மாமா, 418 இருக்கு. இதுல நீங்க படிச்சது எது?"

எண்ணிப் பார்த்தேன். முழுதாகப் படித்தது முப்பது தேறும். செய்து பார்த்தது இரண்டு.

சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட லிங்குகளை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் 'சேவ்' செய்த ரீல்கள் வேறு இருக்கும். சேமிக்கிற அந்த நொடியில் மனசுக்குள் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் வில்லங்கம். கற்றுக்கொண்டுவிட்ட மாதிரியே இருக்கும்.

இந்த நிம்மதியை நம்பியே ஒரு சேவை 18 வருடம் ஓடியது. 2007-ல் நேட் வைனர் என்பவர் தொடங்கியபோது அதன் பெயரே 'ரீட் இட் லேட்டர்'. அப்புறம் படிச்சுக்கலாம்! 2012-ல் 'பாக்கெட்' என்று பெயர் மாறியது. 2017-ல் மொஸில்லா வாங்கியது. 2025 ஜூலை 8-ம் தேதி மூடிவிட்டார்கள். இதற்கெல்லாம் அண்ணன் 'டெலிஷியஸ்'. 2003-ல் பிறந்து, 2005-ல் யாஹூவுக்குப் போய், பல கை மாறி, 2017-ல் புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி பூட்டப்பட்டது. இரண்டுமே நல்ல சேவைகள்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வீடு கட்டிய விதத்தில் ஒரு கோளாறு. வாசல் ரொம்ப அகலம். கொல்லைப்பக்கக் கதவு கிடையாது. உள்ளே போட ஒரே ஒரு தட்டு. எப்போது வெளியே எடுப்பாய், எதற்காக எடுப்பாய் என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த புத்தகம், டியாகோ ஃபோர்ட்டே என்ற அமெரிக்கர் 2022-ல் வெளியிட்ட 'பில்டிங் எ செகண்ட் பிரெய்ன்'. இரண்டாவது மூளையாம். (முதல் மூளையையே முழுசாக உபயோகித்த பாடில்லை.) நடுவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சேமித்ததைத் தலைப்புவாரியாக அடுக்காதே, எந்த வேலைக்குத் தேவையோ அந்த வேலையின் பெயரில் வை என்கிறார். நூற்றுக்கு நூறு சரி. 'எழுத்து', 'வீடியோ' என்று பிரித்த என் ஃபோல்டர்கள் தோற்றது அங்கேதான்.

ஆனால் எதைச் சேமிப்பது என்ற கேள்விக்கு வரும்போது ஆசாமி நழுவுகிறார். மனசில் ஒத்து ஒலிக்கிறதா, அதை எடுத்து வை என்கிறார். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறவனுக்கு எதுதான் ஒலிக்காது? அப்புறம் முக்கிய வரிகளைத் தடித்த எழுத்தாக்கு, அதிலிருந்து சிலவற்றுக்கு மஞ்சள் பூசு, அதற்கும் மேலே சுருக்கம் எழுது என்று ஒரு முறை. நான் செய்து பார்த்தேன். குறிப்பு ஜொலித்தது. கட்டுரை நகரவில்லை.

நான் பி.காம். வருடக் கடைசியில் கையிருப்புச் சரக்கை மதிப்பிட எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்தார்கள். அடக்க விலை, இன்றைக்கு விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதை எழுது. இந்த விதியை என் 418-க்குப் போட்டேன். டிக்டாக்கில் ஜெயிக்க 31 வழி: 2020 ஜூன் 29-ம் தேதி இந்தியாவில் தடை வந்தது, அன்றைக்கே பூஜ்யம். யூட்யூபில் டேக் போடுவது பற்றி ஒரு கட்டு: டேக்குகளின் பங்கு ரொம்பக் குறைவு என்று யூட்யூபே சொல்கிறது. ஷார்ட்ஸ் என்றால் 60 விநாடிக்குள் முடி: 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். இந்தத் துறையில் அறிவுரை பால் பாக்கெட் மாதிரி. நானோ தேதியைக்கூடக் குறித்து வைக்காமல் அரிசி மூட்டை மாதிரி அடுக்கியிருந்தேன்.

செய்து பார்த்த இரண்டும் கெடவில்லை. எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படி. தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசினால் குரல் பதிவில் எதிரொலி குறையும். (வேர்த்துக் கொட்டியது. வேலை நடந்தது.) இரண்டையும் தேடிப்போனபோது கையில் ஒரு வேலை இருந்தது, அதற்கு ஒரு கெடுவும் இருந்தது.

அமெரிக்க நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப் 'தி கிரியேட்டிவ் ஹாபிட்' (2003) புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு புது நடனத்தையும் ஓர் அட்டைப் பெட்டியிலிருந்துதான் தொடங்குவாராம். முதலில் பெட்டி மேல் அந்த வேலையின் பெயர். அப்புறம் பத்திரிகைத் துண்டு, இசைத்தட்டு, குறிப்பு நோட்டு எல்லாம் உள்ளே போகும். ஃபோர்ட்டேயும் இந்தப் பெட்டியைப் பாராட்டுகிறார். பாராட்டிவிட்டு, வேலையே இல்லாத சரக்குக்கும் தனியே ஓர் அறை ஒதுக்கித் தருகிறார். நம்மவர்கள் குடியேறுவது அந்த அறையில்தான்.

தார்ப் கதையை அக்கா பெண்ணிடம் சொன்னேன். "அம்மா நோட்டு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். அக்காவிடம் பழைய டைரி ஒன்று உண்டு. வாரப் பத்திரிகைகளில் வந்த சமையல் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டியிருப்பாள். ஒட்டுவது சமைத்த பிறகுதான். ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் 'புளி பாதி போதும், 12.4.98' என்றிருக்கும். எண்ணெய்க் கறையை வைத்தே எது நல்ல குறிப்பு என்று சொல்லிவிடலாம்.

ஒரு தாளில் 'முதல் வீடியோ, வத்தக்குழம்பு' என்று எழுதிக்கொண்டாள். 418-லிருந்து மூன்றுதான் அதற்குள் போனது. முடிந்த குழம்பை முதலிலேயே காட்டு. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். பக்கத்திலேயே தேதி போட்டாள்.

படம் எடுத்து முடித்த சாயங்காலம் தாளைப் பார்த்தேன். மூன்றாவதை அடித்துவிட்டு, 'எங்க கிச்சன்ல ஜன்னல் பின்னாடிதான் இருக்கு' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, என் 418-ல் எங்குமே இல்லாத நாலாவது ஒன்று: 'மிக்ஸி ஓடும்போது பேசாதே.'