நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் முகவரியிலேயே ஓசூர் ரோடு இருக்கிறது. அந்தச் சாலையிலேயே தெற்கே வந்தால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் ஓசூர் சிப்காட். நரம்புக் கோளாறு என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் பஸ் ஏறிப் போகும் இடமும் பெரும்பாலும் அதுதான். நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் வெளிநாட்டு வல்லுநர்களுடன் சேர்ந்து, பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரை வீடு தேடிப்போய் விசாரித்தார்கள். அந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஓராண்டுக்குள் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் 25.2 விழுக்காடு, அதாவது நாலு பேரில் ஒருவர். ஓசூர்ப் பகுதிக்கென்று தனிக் கணக்கு எடுத்தாலும் அதில் பெரிய மாற்றம் இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. வாரம் பகல், வாரம் இரவு என்று ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடும் ஊர் இது. தூக்கம் கெடுவது மைக்ரேனைக் கிளப்பிவிடும் காரணங்களில் முக்கியமான ஒன்று.

மைக்ரேன் உள்ளவர்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, வலி தொடங்குவதற்கு முன்பே கண்ணில் ஒன்றைக் காண்கிறார்கள். பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மினுங்கும். பிறகு அது ரம்பப் பல் போன்ற விளிம்புடன் பிறையாக வளைந்து, துடித்துக்கொண்டே வெளியே விரியும். அது கடந்துபோன இடத்தில் சிறிது நேரம் எதுவும் தெரியாது. இருபது முப்பது நிமிடத்தில் எல்லாம் மறைந்துவிடும். மருத்துவர்கள் இதை ஆரா என்கிறார்கள். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது" என்று சொல்லி வருபவர்களில் சிலர் சொல்ல வருவது இதைத்தான். பித்தம், கண் கோளாறு, பயம் என்று பல பெயர்களில் இது தட்டிக் கழிக்கப்படுவதும் உண்டு.

இந்த மினுக்கத்தைக் கணக்காக மாற்ற முடியும் என்று முதலில் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி. தமக்கு ஆரா வரும்போதெல்லாம் அதன் உருவத்தைத் தாளில் வரைந்து, நேரத்தையும் குறித்துவைத்தார். பார்வையில் அது நகர்ந்த தூரத்தை மூளையின் பார்வைப் புறணியில் எவ்வளவு தூரம் என்று மாற்றிப் பார்த்தார். நிமிடத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் என்று விடை வந்தது. அதை 1941இல் வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடீஸ் லியாவ் முயலின் மூளையில் ஒன்றைக் கண்டார். நரம்பணுக்களின் மின்செயலை அணைத்துக்கொண்டே ஓர் அலை மெதுவாகப் பரவியது. அதன் வேகமும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு எண்ணும் ஒத்துப்போவதை 1958இல் பீட்டர் மில்னர் சுட்டிக்காட்டினார். பென்சிலும் கடிகாரமும் வைத்துக்கொண்டு ஒருவர் போட்ட கணக்கை, மின்முனை வைத்து அளந்த சோதனை சரி என்று சொன்னது.

சமன்பாடுகளின் வேலை இங்கே தொடங்குகிறது. நரம்பில் செய்தி பாயும் வேகம் நொடிக்குப் பல மீட்டர். இந்த அலையோ ஊர்ந்து போகிறது. ஏன்? தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்வதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு தாளில் பிடித்த சூடு பக்கத்துத் தாளுக்குப் பரவி அதைப் பற்றவைக்கிறது. எரிந்து முடிந்த இடத்தில் தீ உடனே திரும்பப் பிடிக்காது. மூளையில் அந்தச் சூட்டின் இடத்தில் இருப்பது நரம்பணுக்களுக்கு வெளியே கசியும் பொட்டாசியம். அலை வரும்போது அதன் அளவு இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஏறுகிறது. அது பரவிப் பக்கத்து அணுவைத் தூண்டுகிறது, அந்த அணு தன் பொட்டாசியத்தைக் கொட்டுகிறது. பெர்னிஸ் கிராஃப்ஸ்டீன் இந்தக் கருத்தை 1950களில் முன்வைத்தார். ஆலன் ஹாட்ஜ்கின் அதைச் சமன்பாடாக்கித் தந்தார். 1978இல் டக்வெல்லும் மியூராவும் பல அயனிகளைச் சேர்த்து விரிவான மாதிரி அமைத்தனர். பொட்டாசியம் பரவும் வேகத்தையும் நரம்பணு தூண்டப்படும் வேகத்தையும் உள்ளே கொடுத்தால், நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற விடை தானாகவே வெளியே வருகிறது.

ஆராவின் இன்னொரு புதிரையும் கணிதம் அவிழ்த்தது. பார்வையின் நடுவில் பிறை மெல்ல நகர்கிறது, ஓரத்துக்குப் போகப் போக வேகமெடுக்கிறது. அலை வேகம் மாற்றுகிறதா என்றால் இல்லை. நடுப்பார்வைக்கு மூளை ஏக்கர் கணக்கில் நிலம் ஒதுக்கியிருக்கிறது, ஓரப்பார்வைக்கு சென்ட் கணக்கில்தான். ஒரே வேகத்தில் நடப்பவர் பெரிய வயலைக் கடக்க நேரமாகும், சின்ன வயலைச் சட்டென்று கடந்துவிடுவார். நோயாளி கண்ணால் கண்டதையும் மூளையின் அமைப்பையும் இவ்வளவு துல்லியமாக இணைத்த விளக்கம் நரம்பியலில் அரிது. நூஷின் ஹாஜிகானியின் குழு 2001இல், ஆரா நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் அதே ஊர்ந்து போகும் அலையைக் கண்டது. இதுவரைக்கும் கணிதத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

குறை அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. பொட்டாசியத்தை விட்டுவிட்டு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வைத்துச் சமன்பாடு எழுதினாலும் ஏறக்குறைய இதே வேகத்தைக் கொண்டுவந்துவிடலாம். அப்படியானால் விடை பொருந்துகிறது என்பதாலேயே காரணம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாதிரிக்குள் திருகிச் சரிசெய்யக்கூடிய எண்கள் கூடக் கூட, எதையும் பொருந்தவைப்பது எளிதாகிவிடுகிறது. மாதிரி அமைப்பவர்களில் நேர்மையானவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் வெளியிடும் வண்ணப்படங்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவை பார்ப்பவரை நம்பவைத்துவிடுகின்றன.

முயலின் மூளை வழவழப்பானது, மனித மூளை மடிப்பும் பள்ளமுமானது. அதனால் மனிதரில் அலை முழுப்புறணியையும் விழுங்காமல், சிறு துண்டாக ஓடிச் சுருங்கி அணைகிறது என்று மார்க்குஸ் டாலெமும் ஹாஜிகானியும் 2009இல் வாதிட்டனர். நல்ல வாதம். ஆனால் அதைச் சோதிக்க ஆராவின் நேரக்குறிப்புள்ள வரைபடங்கள் நிறைய வேண்டும். இதுவரை புகழ்பெற்றவை பெரும்பாலும் அறிவியலாளர்கள் தங்களுக்கு வந்ததைத் தாங்களே வரைந்தவைதான். 1870இல் வெளியான ஹியூபர்ட் ஏரியின் படங்களும் லாஷ்லியின் படங்களும் அந்த வகை.

தொடக்கம் பற்றி மாதிரி வாயே திறப்பதில்லை. சோதனைச் சாலையில் ஊசி குத்தியோ உப்புக் கரைசல் விட்டோ அலையைக் கிளப்புகிறார்கள். கணினியில் ஒரு புள்ளியை ஆய்வாளரே பற்றவைக்கிறார். இரவு ஷிப்டில் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணுக்கு, மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு இன்று மட்டும் எது பற்றவைத்தது? அவளுக்கு வேண்டிய பதில் அதுதான்.

வலியின் கதை இன்னும் சிக்கல். அலையைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட டோனாபர்சாட் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரா குறைந்தது. ஆரா இல்லாமல் வரும் தலைவலி குறையவில்லை. ஆராவே இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களைப் பொறுத்தவரை இந்தச் சமன்பாடு வேறு யாரோ ஒருவரின் நோயைப் பற்றியது.

ஆனாலும் அலையின் இந்த மெதுவான நடை அன்றாட மருத்துவத்தில் உதவுகிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில், ஆராவின் அறிகுறி ஐந்து நிமிடமாவது எடுத்துப் படிப்படியாகப் பரவுவது முக்கிய அடையாளமாக இடம்பெற்றுள்ளது. பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று அடிக்கும். ஆரா ஊர்ந்து வரும். ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத ஆபத்து கூடும் என்பதே காரணம். இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஓசூரில், மாத்திரை எழுதிக்கொடுக்கும் முன் "கண்ணில் ரம்பம் மாதிரி மின்னுமா?" என்று ஒரு கேள்வி கேட்பது எந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தையும்விட மலிவானது.

இதற்கான அறிவு வெளியூரில் மட்டும் இல்லை. சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா இதயத்தில் பரவும் இதே வகை அலைகளை ஆராய்ந்திருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் வி. சீனிவாச சக்ரவர்த்தியின் குழு நரம்பணு, துணையணு, இரத்தக்குழாய் மூன்றையும் சேர்த்து மாதிரி அமைத்திருக்கிறது. இத்தகைய சமன்பாடுகளுக்கு வேண்டியது இங்கே தினமும் ஷிப்டுக்கு வந்துபோகும் மனிதர்களின் வரைபடங்கள். தொழிற்சாலைகளின் முதலுதவி அறையில் ஒரு வெள்ளைத்தாள், நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு பேனா வைத்தால் போதும்.

உங்கள் கண்ணில் அது மின்னத் தொடங்கினால், முதலில் இயந்திரத்தை விட்டு விலகி உட்காருங்கள். புள்ளியைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் விளிம்பை வரைந்து மணியை எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர்ந்து வராமல் ஒரே நொடியில் பார்வை போனாலோ, கை கால் விழுந்தாலோ, வாய் கோணினாலோ தாளைத் தேடாதீர்கள். 108ஐ அழையுங்கள்.