குரோம்பேட்டைக்குக் கட்டம் இல்லை

சென்னைப் புறநகரான குரோம்பேட்டையின் மக்கள்தொகை எவ்வளவு? கணக்கெடுப்பு அறிக்கையைப் புரட்டினால் விடை கிடைக்காது. ரயில் நிலையம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையில் கடைவீதி இருக்கிறது, பெயரைத் தந்த குரோம் தோல் தொழிற்சாலையின் கதை இருக்கிறது. ஆனால் அது தனி நகராட்சியாக இருந்ததே இல்லை. பல்லாவரம் நகராட்சிக்குள் இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஊர்க் கட்டுரைகளில் தகவற்சட்டம் என்ற ஓரப் பெட்டியை அமைக்கும் ‘இந்திய ஆட்சி எல்லை’ வார்ப்புரு இதையெல்லாம் அறியாது. மாவட்டம், தலைவர் பதவிப்பெயர், மக்கள்தொகை, பரப்பளவு, வாகனப் பதிவு எண் என்று வரிசையாகக் கேட்கும். வெறும் கட்டத்தைக் கண்டால் புதிதாக எழுத வருபவரின் கை சும்மா இருக்காது. பல்லாவரத்தின் எண்ணை எடுத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். எழுதாமல் விட்டதைப் பிறகு யாராவது நிரப்பலாம். கட்டத்துக்குள் ஏறிவிட்ட பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்?

இப்படிக் கட்டங்களாக நிரப்பும் படிவம் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். முன்பு வார்ப்புருவை நிரலாகவே தட்டச்ச வேண்டும். நெளிவு அடைப்புக்குறியில் ஒன்றை விட்டால் தகவற்சட்டம் முழுக்கக் குலைந்து பக்கத்தில் கொட்டும். அந்தப் பயத்திலேயே ஓடிப்போனவர்கள் உண்டு. இப்போது விசுவல் எடிட்டர் என்ற தொகுப்புக் கருவி அதே வார்ப்புருவைப் பெயரிட்ட பெட்டிகளாகத் திறந்து வைக்கிறது. தமிழில் தட்டச்சத் தெரிந்தால் போதும்.

2012 அக்டோபரில் தொடங்கிய, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் கிடங்கான விக்கித்தரவு இன்னும் கெட்டி. தாம்பரம் எந்த மாவட்டம்? 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம், பிறகு செங்கல்பட்டு. அங்கே பழைய விடையை அழிக்க வேண்டாம். இரண்டையும் வைத்து, ஒன்றுக்கு முடிவுத் தேதியும் மற்றதற்குத் தொடக்கத் தேதியும் கொடுக்கலாம். அங்கிருந்து தரவை எடுக்கும் பக்கங்கள், எந்த மொழியானாலும், ஒரே திருத்தத்தில் சரியாகும். இந்த ஒன்றுக்காகவே படிவத்தை நான் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் எல்லாப் படிவமும் இப்படி உயிரோடு இருப்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான கட்டுரைகளைப் பாருங்கள். ஊரக வளர்ச்சித் துறையின் 2015 தரவைக் கொண்டு, தானியங்கி நிரல் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தவை. கைக்குழாய்கள் இத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் இத்தனை, ஊரணிகள் அல்லது குளங்கள் இத்தனை, சுடுகாடுகள் இத்தனை. அது இல்லாவிட்டால் பல ஊர்களுக்குத் தமிழில் ஒரு பக்கமே இருந்திருக்காது; அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அச்சிலிருந்து வெளியே விழுந்த எண், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. விக்கித்தரவுபோல் ஓரிடத்தில் திருத்தி எல்லாவற்றையும் மாற்ற வழியில்லை. பக்கம் பக்கமாகப் போக வேண்டும்.

அதே 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அதை அடுத்த முடிச்சூர் ஊராட்சியில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, படகில் ஆட்களை மீட்டார்கள். சென்னைவாசிகள் பலருக்கு முடிச்சூர் என்ற பெயரே அன்றுதான் தெரிந்தது. குளங்களை எண்ணும் அந்த வார்ப்பில் வெள்ளத்துக்குக் கட்டம் கிடையாது. வார்த்தவர்கள் மேல் குற்றமில்லை. துறை எதை எண்ணியதோ அதுதான் படிவமாயிற்று. ஊரை அரசு பார்த்த கண், அப்படியே கலைக்களஞ்சியத்தின் கண்ணாகிவிட்டது.

குரோம்பேட்டையின் மக்கள்தொகைக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். முடிச்சூர்க்காரர் யாராவது இதைப் படித்தால், அந்த நாள் செய்தித்தாளைச் சான்றாகக் காட்டி, வெள்ளத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அதற்குப் படிவம் வேண்டாம். ‘தொகு’ பொத்தான் போதும்.