பன்னீர்ச் சொம்பும் ஒரு கேள்வியும்

ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் வந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தொழிற்பேட்டை, லேத் பட்டறைகள். இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்கள். நடுவில் ஜெயா டி.வி. தொடங்கி சில டி.வி. அலுவலகங்கள். பொங்கல் முடிந்து பரீட்சை ஆரம்பிக்கும்வரை இந்த ஏரியாவில் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். சட்டையை டக்-இன் செய்துகொண்டு, கையில் ஃபைலோடு மூன்று நான்கு காலேஜ் பசங்கள் ஏதாவது ஒரு வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு இருப்பார்கள்.

ஆண்டு விழாவுக்கு சீஃப் கெஸ்ட் பிடிக்க வந்தவர்கள்!

அப்படி ஒரு கோஷ்டி இரண்டு வருஷம் முன்பு என்னைப் பிடித்தது, டீக்கடையில் வைத்து.

“முதல்ல யாரைப்பா கேட்டீங்க?”

“ஒரு டைரக்டரைக் கேட்டோம் சார். ஷூட்டிங்னுட்டார். அப்புறம் ஒரு டி.வி. ஆங்கர். அவரும் பிஸி. அதான்...”

நல்ல பசங்கள். பொய் சொல்லத் தெரியவில்லை.

“என்ன தலைப்பு?”

“எது வேணும்னாலும் பேசுங்க சார். மோட்டிவேஷனா இருந்தா நல்லா இருக்கும்.”

“நான் எழுதினது ஏதாவது படிச்சிருக்கீங்களா?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்க ஹெச்.ஓ.டி. படிப்பார் சார்.”

ஒப்புக்கொண்டேன். மேடை என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை, சொல்லுங்கள்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் போன எந்தக் கல்லூரியும் இதிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை. வாசலில் பட்டுப்புடவை கட்டிய மாணவிகள் இரண்டு வரிசை. ஒருத்தி கையில் சந்தனம், இன்னொருத்தி கையில் கல்கண்டு, மூன்றாமவள் கையில் பன்னீர்ச் சொம்பு. என் சட்டையில் தெளித்தாள். “எத்தனை மணியிலிருந்தும்மா நிக்கறீங்க?” என்றேன். “எட்டரை சார்” என்றாள். அப்போது மணி பத்து இருபது.

நான் பி.காம். படித்தவன். கணக்கு எழுதுகிற புத்தி எங்கே போனாலும் கூடவே வரும். மேடையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அழைப்பிதழின் பின்பக்கத்தில் நிமிஷக் கணக்கு எழுதினேன். பத்து மணி விழா, பத்து நாற்பதுக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடிந்தது. மொத்தம் 110 நிமிஷம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு: 10. வரவேற்புரை: 15. தலைமையுரை: 20. ஆண்டறிக்கை: 15. என்னைப் பற்றிய அறிமுகம்: 8 (அதில் இரண்டு தகவல் தப்பு). பொன்னாடை, நினைவுப்பரிசு, போட்டோ: 12. என் பேச்சு: 25. நன்றியுரை, தேசிய கீதம்: 5.

மாணவர்கள் கேள்வி கேட்க: பூஜ்யம்.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த ஹாலில், மாணவர்கள் என்று பேசியது வரவேற்புரைப் பையனும் நன்றியுரைப் பெண்ணும் மட்டும். அந்த இரண்டுமே யாரோ எழுதிக்கொடுத்தது.

வெளியே வந்து காரில் ஏறிவிட்டேன். ஜன்னலை யாரோ தட்டினார்கள். பன்னீர்ச் சொம்புப் பெண். “சார், நீங்க பி.காம். படிச்சிட்டு பத்திரிகைக்கு வந்தேன்னு சொன்னீங்களே... வீட்ல என்ன சார் சொன்னாங்க? முதல் ரெண்டு வருஷம் பணத்துக்கு என்ன பண்ணீங்க?”

அவள் ஏதோ முடிவெடுக்கிற இடத்தில் நிற்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. வீட்டில் ஆறு மாதம் பேசாமல் இருந்த அப்பா, நண்பன் ரூமில் ஓசியில் தங்கியது, இரவில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குக் கணக்கு எழுதிச் சமாளித்தது... எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் பேராசிரியர் ஒருவர் ஓடிவந்து, “சாருக்கு லேட் ஆகுது, போம்மா” என்றார். கார் நகர்ந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் லேட் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். ‘நிறுத்துங்க’ என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லூரியைக் குறை சொல்வதற்கு முன்னால் என் பெயரில் இதைப் பற்று எழுதிவிடுகிறேன்.

25 நிமிஷம் நான் பேசிய ‘விடாமுயற்சி’யை எந்த காலண்டரிலும் படிக்கலாம். அவள் கேட்டதற்கான பதில்தான் என்னிடம் மட்டும் இருந்த சரக்கு. அதை இறக்காமலே வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இங்கிருந்து கிண்டியைத் தாண்டினால் அண்ணா பல்கலைக்கழகம். அப்துல் கலாம் ஜனாதிபதி ஆவதற்கு முன்பு அங்கே பேராசிரியராக இருந்தார். 2002 ஜூன் 10 அன்று அங்கே வகுப்பு எடுத்ததைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வகுப்பு 60 பேருக்கானது. வந்தவர்கள் 350-க்கும் மேல். ஒரு மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரம் ஆனது. காரணம், மாணவர்களின் கேள்விகள். அதை முடித்துவிட்டு வந்த பிறகுதான், ஜனாதிபதி வேட்பாளராக நிற்கச் சம்மதமா என்று பிரதமர் வாஜ்பாய் போனில் கேட்டார்!

அதே கலாமின் கடைசி நாளும் ஒரு கல்லூரி மேடையில்தான். 2015 ஜூலை 27, ஷில்லாங் ஐ.ஐ.எம். வயது 83. குவாஹாட்டியிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். முன்னால் போன திறந்த ஜீப்பில் ஒரு காவலர் துப்பாக்கியோடு நின்றபடியே வந்தார். ‘அவர் ஏன் நிற்கிறார், களைத்துப்போவாரே, உட்காரச் சொல்லுங்கள்’ என்று கலாம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வயர்லெஸ்ஸில் சொல்லியும் நடக்கவில்லை. போய் இறங்கியதும் அந்தக் காவலரைத் தேடிக் கூப்பிட்டு, கைகொடுத்து, நன்றி சொல்லி, தன்னால் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியதாயிற்றே என்று வருத்தமும் தெரிவித்தார். உடன் பயணித்த அவருடைய உதவியாளர் ஸ்ரீஜன் பால் சிங் எழுதிய தகவல் இது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நாடாளுமன்றம் நடக்க விடாமல் முடங்கிக் கிடந்தது அப்போது கலாமை உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய மூன்று யோசனைகள் சொல்லுங்கள் என்று பேச்சின் முடிவில் மாணவர்களையே கேட்பதாக இருந்தார். பேசத் தொடங்கிய சில நிமிஷங்களில் சரிந்து விழுந்தார். கேள்வி கேட்கப்படாமலே போனது.

எட்டரை மணியிலிருந்து நின்ற பெண்ணிடம் நான் கேட்டது நேரம் மட்டும்தான்.

1968-ல் முதலமைச்சர் அண்ணா அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு ‘சப் ஃபெல்லோ’வாக அழைக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே அழைக்கப்படுகிறவர் வளாகத்திலேயே தங்கி, மாணவர்களோடு சாப்பிட்டு, பேசி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த அழைப்பின் ஏற்பாடே. மேடைப்பேச்சு அதில் ஒரு பகுதி. அண்ணாவையே கேள்வி கேட்க உட்காரவைத்தார்கள். நாமோ அண்ணாவின் ஊரில் இருந்துகொண்டு, கெஸ்ட்டைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைச்சல் என்கிறோம்.

ஏன் என்று ஒரு பிரின்ஸிபாலைக் கேட்டேன். “யாராவது ஏடாகூடமா கேட்டுட்டா யார் சார் பதில் சொல்றது?” என்றார். அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2019 மார்ச் 13-ல் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ராகுல் காந்தி மாணவிகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டிருந்த நேரம். அனுமதி எப்படிக் கொடுக்கப்பட்டது என்று கல்லூரிக் கல்வி இயக்ககம் விளக்கம் கேட்டது. தேர்தல் நேரத்தில் அரசியல் தலைவரை அழைப்பது சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் மற்ற கல்லூரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம் என்ன? பன்னீர் தெளித்தால் எந்த ஆபீஸிலிருந்தும் கடிதம் வராது. மைக்கை மாணவனிடம் கொடுத்தால் வரலாம்!

ஓட்டுப் போடுகிற வயசு வந்த பிள்ளைகள். பேங்கில் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள். அவர்களிடம் ஒரு மைக்கை ஐந்து நிமிஷம் நம்பிக் கொடுக்க முடியவில்லை என்றால், அந்தக் கல்லூரி மூன்று வருஷமாக என்னதான் சொல்லிக்கொடுத்தது?

விழாப் பொறுப்பில் இருக்கிற தம்பி, தங்கைகளே... யாரை அழைத்தாலும் அவர் செய்த வேலையில் ஒன்றையாவது படித்துவிட்டு, பார்த்துவிட்டுப் போங்கள். ‘எது வேணும்னாலும்’ என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள். மாலைக்குப் பதில் காசு கொடுங்கள் என்றார் பெரியார். பொன்னாடைக் காசில் வருகிறவரின் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். வாசலில் நிற்கிற பிள்ளைகளை உள்ளே உட்காரவிடுங்கள்.

போன மாதம் அதே கல்லூரியிலிருந்து புதுசாக மூன்று பேர் வந்தார்கள். அதே டீக்கடை. “வர்றேன். ஆனா மூணு கண்டிஷன்” என்றேன். பொன்னாடை கூடாது. வாசலில் யாரும் நிற்கக் கூடாது. என் பேச்சு பதினைந்து நிமிஷம், கேள்வி நாற்பத்தைந்து நிமிஷம். கேள்விகளை யாரும் முன்கூட்டியே வாங்கிப் பார்க்கக் கூடாது.

முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார்கள். மூன்றாவதைக் கேட்டதும் ஒருவன் தலையைச் சொறிந்தான்.

“ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்டுட்டு போன் பண்றோம் சார்.”

இன்னும் பண்ணவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பன்னீர்ச் சொம்புப் பெண் இந்நேரம் படிப்பை முடித்துப் போயிருப்பாள். என்ன முடிவெடுத்தாளோ.