யார் கை பட்ட இயந்திரம்?

‘தி கிங் ஆஃப் காங்’ (2007, இயக்கம்: செத் கார்டன்) என்ற அமெரிக்க ஆவணப்படத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு சிறுவனின் குரல். நாயகன் ஸ்டீவ் வீபி, கராஜில் வைத்திருக்கும் பழைய ‘டாங்கி காங்’ இயந்திரத்தில் உலக சாதனைக்காக ஆடிக்கொண்டிருக்கிறார். ஆட்டம் வீடியோ நாடாவில் பதிவாகிறது. மலம் கழித்த மகன், வந்து துடைத்துவிடச் சொல்லி அப்பாவைக் கூப்பிடுகிறான். அப்பா எழவில்லை. அந்தக் கத்தல் நாடாவில் அப்படியே பதிந்திருக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கும் இடம் இது. நானும் சிரித்தேன். கடைசியில் அவனுக்கு யார் துடைத்துவிட்டது என்று படம் கேட்கவில்லை.

ஆர்கேட் இயந்திரம் என்பது ஆள் உயர மரப்பெட்டி. உள்ளே பிக்சர் டியூப், சர்க்யூட் பலகை, காசு விழும் பெட்டி. பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டும். விளையாட்டுக்கூடங்கள் மூடப்பட்டபோது இவற்றை வாங்கி, பழுதான கண்டென்சர்களை மாற்றி, மங்கிய ஓவியங்களைப் புதுப்பித்து வீட்டில் நிறுத்துவது அமெரிக்க ஆண்களிடையே ஒரு பெரும் பொழுதுபோக்கானது. கள்ளக்குறிச்சி போன்ற நம் ஊர்களுக்கு 90-களில் வந்தது வேறு வடிவம்: நான்கு டிவி, நான்கு பெட்டி, மணிக்கு இவ்வளவு என்று வசூலித்த வீடியோ கேம் கடை. பையன்கள் பள்ளி விட்டு அங்கே ஓடினார்கள். பெண்பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்து வீட்டுக்குப் போனார்கள். பழைய விளையாட்டுகளை நினைத்து இன்று ஏங்குகிற நாற்பது வயதுக்காரர்களில் பெண்கள் ஏன் குறைவு என்று இதற்குப் பிறகும் ஆராய வேண்டுமா?

படத்துக்கு வருவோம். வீபி போயிங் நிறுவனத்தில் வேலை இழந்தவர். சோர்ந்துபோன ஆணை ஒரு விளையாட்டு மீட்டெடுக்கிறது என்பதுதான் கதை; நன்றாகவே சொல்லப்பட்ட கதை. மனைவி நிக்கோலின் பொறுமையை அன்பாகக் காட்டுகிறார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் மணிக்கணக்கில் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது? நம் வீடுகளிலும் பரண் மேலிருக்கும் தாத்தாவின் வால்வு ரேடியோ ‘கலெக்‌ஷன்’. பாட்டியின் அம்மி கொல்லையில் கிடக்கும் கல். தெருத்தெருவாக உளி எடுத்துவந்து அம்மி கொத்திக் கொடுத்த பெண்கள் செய்ததும் பழுதுபார்க்கும் வேலைதான். அதை யாரும் பொழுதுபோக்கு என்றோ பாரம்பரியக் காப்பு என்றோ அழைக்கவில்லை.

‘டாங்கி காங்’ (1981) ஆட்டத்தில் ஒரு பெண் கட்டடத்தின் உச்சியில் நின்று உதவி கேட்கிறாள். ஆண் ஏறிப்போய் மீட்க வேண்டும். படத்தில் உண்மையான ஒரு வீராங்கனை இருக்கிறார், டோரிஸ் செல்ஃப். 1984-இல் தமது 58-ஆம் வயதில் ‘க்யூபர்ட்’ ஆட்டத்தில் சாதனை படைத்தவர். எண்பதை நெருங்கும்போது இழந்த சாதனையைத் திரும்பப் பிடிக்க நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபன்ஸ்பாட் கூடத்துக்கு வருகிறார். கதை அவரை எதற்குப் பயன்படுத்துகிறது? வீபியின் எதிராளி பில்லி மிட்செலின் வீடியோ நாடாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க. போட்டியாட வந்தவர் தபால்காரராகிவிடுகிறார். 2006-இல் அவர் இறந்தார். அவரைப் பற்றி மட்டும் ஒரு படம் எடுத்திருந்தால் நான் இரண்டு முறை பார்த்திருப்பேன்.

இந்த உலகத்தில் மிகப் பெரிய சொல் ‘அசல்’. 2018-இல் மிட்செலின் சாதனைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது எழுந்த கேள்வியே, ஆட்டம் அசல் இயந்திரத்தில் நடந்ததா என்பதுதான். அசல் பலகை, அசல் பெட்டி, அசல் பொத்தான் என்று தேடுகிறார்கள். அசலைச் செய்தவர்களைத் தேடுகிறவர்கள் குறைவு. ‘சென்டிபீட்’ (1981) ஆட்டத்தை எட் லாக்குடன் சேர்ந்து உருவாக்கிய டோனா பெய்லி, அட்டாரியின் ஆர்கேட் பிரிவில் அப்போது இருந்த ஒரே பெண் புரோகிராமர். 1982-இலேயே அங்கிருந்து வெளியேறிவிட்டார். பெண்களைக் கவரத்தான் ‘பேக்மேன்’ ஆட்டத்தைச் சாப்பிடுவதை மையமாக வைத்து வடிவமைத்ததாக அதன் ஆசிரியர் டோரு இவாடானி சொல்லியிருக்கிறார். பெண் என்றதும் தீனி ஞாபகம் வந்திருக்கிறது!

பெய்லிக்காவது பெயர் உண்டு. சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஆலைகளில் பாகங்களைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் குடியேறிகள். ஃபேர்சைல்ட் நிறுவனம் 1965 முதல் 1975 வரை நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ பழங்குடிகளின் நிலத்தில், சிப் ஆலை நடத்தியது. நவஹோ பெண்கள் கம்பளம் நெய்வதால் நுண்ணிய சர்க்யூட் வேலை அவர்களுக்கு இயல்பாக வரும் என்று நிறுவனம் விளம்பரம் செய்ததை ஆய்வாளர் லிசா நகமுரா எடுத்துக்காட்டியிருக்கிறார். திறமையை இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி உயர்த்த வேண்டியதில்லை.

‘பெண்களுக்கு மெல்லிய விரல், பொறுமை அதிகம்’ என்ற அதே பாராட்டு ஸ்ரீபெரும்புதூரிலும் கேட்கிறது. அங்கே 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையிலும் பெண்களே அதிகம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பொறுமை அதிகமென்று பாராட்டப்பட்ட அதே பெண்கள்.

அவர்கள் பூட்டும் போன்களும் ஒருநாள் யாருடைய வீட்டிலோ ‘பாகம் மாறாத அசல்’ என்று விலை பேசப்படும். கள்ளக்குறிச்சியிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ போன ஒரு பெண் அதில் எந்தத் திருகைப் பூட்டினாள் என்று கழற்றிப் பார்த்தால் தெரியாது. அவளுடைய ஆலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, விடுதி அறையில் தோழிகளோடு எடுத்த படம் ஆகியவை அம்மா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கலாம். இந்த மாவட்டத்துக் கல்லூரி மாணவியர் சேகரிக்கத் தொடங்கினால் முதலில் திறக்க வேண்டிய பெட்டி அது.