கடைசி பெஞ்சுக்கு ஒரு லெக்சர்

நான் பி.காம். பிசிக்ஸுக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு சுமுகமாக முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் வீட்டு அலமாரியில் ‘ஃபெய்ன்மன் லெக்சர்ஸ் ஆன் பிசிக்ஸ்’ மூன்று தடித்தடி தொகுதிகளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வருகிறவர்கள் சற்று மரியாதையாகத்தான் காபி குடிக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தொகுதியில் நாலைந்து அத்தியாயம் ஓடியது. அப்புறம் கணக்கு வந்து வழிமறித்தது. முழுசாகப் படித்தது முன்னுரை மட்டும்தான். ஆனால், அதைப் பல தடவை படித்திருக்கிறேன். உலகமே கொண்டாடுகிற ஒரு பாடப்புத்தகம். அதன் முன்னுரையிலேயே, ‘பரீட்சைத் தாள்களைப் பார்த்தால் இது தோல்வி என்றுதான் தோன்றுகிறது’ என்கிற ரீதியில் எழுதியவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேலன்ஸ் ஷீட் முதல் பக்கத்திலேயே நஷ்டத்தை ஒப்புக்கொள்கிற கம்பெனியை நான் பார்த்ததில்லை!

இந்த லெக்சர்கள் நடந்த இடம் கால்டெக். லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய பாசடீனாவில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். 1891-ல் வேறு பெயரில் ஆரம்பித்து, 1920-ல் இந்தப் பெயருக்கு வந்தது. புகழ் பெரிசு, ஆள் கம்மி. இன்றைக்கும் இளநிலைப் படிப்பில் மொத்தமே ஆயிரம் பேர்தான். நம் தெருமுனை மெட்ரிகுலேஷன் பள்ளியில் இதைவிடக் கூட்டம். மூன்று மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு. கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல். வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பரீட்சை. பல பாடங்களுக்குக் கேள்வித்தாளை மாணவன் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே மணி பார்த்து எழுத வேண்டும். புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்றால் திறக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். கண்காணிக்க ஆள் கிடையாது. சக மாணவனை ஏமாற்றி ஆதாயம் தேடாதே என்ற ஒரே விதியை நம்பி வண்டி ஓடுகிறது. முதல் வருஷத்தில் முதல் இரண்டு பருவங்களுக்கு கிரேடும் கிடையாது. பாஸா, இல்லையா, அவ்வளவுதான். புதுசாக வந்த பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று.

ஏன் மூச்சு வாங்க வேண்டும்? வந்த அத்தனை பேரும் அவரவர் பள்ளியில் முதல் வரிசை. இங்கே வந்ததும் யாராவது கடைசி ஆகித்தானே தீரவேண்டும்?

1961-ல் அப்படி வந்தவர்கள் சுமார் 180 பேர். எல்லோரும் பையன்கள். இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததே 1970-ல்தான். வேதியியல் படிக்க வந்தவனோ, உயிரியல் படிக்க வந்தவனோ, இரண்டு வருஷம் பிசிக்ஸ் கட்டாயம். பழைய பாடத்திட்டம் பையன்களைத் தூங்க வைக்கிறது என்று ஃபெய்ன்மனை இறக்கினார்கள். நோபல் பரிசு அவருக்கு 1965-ல்தான் வந்தது. ஆனால், பெயர் அதற்கு முன்பே பெரிசு. வாரத்துக்கு இரண்டு லெக்சர். டேப்பில் பதிந்தார்கள், கரும்பலகையை போட்டோ எடுத்தார்கள். லைட்டன், சாண்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்து பேச்சை எழுத்தாக்கினார்கள். லெக்சர் முடிந்ததும் பதினைந்து, இருபது பேராகப் பிரித்துச் சின்ன வகுப்புகளும் உண்டு.

எழுத்தாக்கியும் குரல் போகவில்லை என்பதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய வெற்றி. சக்தி அழியாது என்பதைச் சொல்கிற நாலாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரு குட்டிப் பையன். உடையாத 28 கட்டைகள். அம்மா தினமும் எண்ணுகிறாள். ஒருநாள் 27. தேடினால் விரிப்புக்கு அடியில் ஒன்று. இன்னொரு நாள் 26. ஜன்னல் வழியாக இரண்டு வெளியே போயிருக்கிறது. இன்னொரு நாள் 30! பக்கத்து வீட்டுப் பையன் வந்து விட்டுப்போனது. பெட்டியைத் திறக்க விடமாட்டேன் என்று பையன் அடம்பிடித்தால், அம்மா பெட்டியை எடை போட்டு உள்ளே எத்தனை என்று கண்டுபிடிக்கிறாள். அழுக்குத் தொட்டித் தண்ணீரில் போட்டிருந்தால், தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறாள். அடடா, இது பேங்க் ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் அல்லவா! இருபது வருஷம் முன்னாடி எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்று ஏங்க வைத்துவிட்டார்.

ஆனால் அங்கேதான் வில்லங்கமும். அத்தியாயத்தை மூடியதும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு ஜிவ்வென்ற உணர்வு. கணக்கு ஒன்று கொடுத்துப் போடச் சொன்னால் கை ஓடாது. சபாவில் மூன்று மணி நேரம் தலையாட்டிவிட்டு வந்தால் நமக்குத் தோடி பாட வந்துவிடுமா? அந்த 180 பேரில் பலருக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும். போகப் போக மாணவர்கள் குறைந்து, அந்த இடங்களில் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள் என்று பின்னாளில் அதே கால்டெக்காரர்கள் எழுதினார்கள். இல்லவே இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. எது எப்படியோ, ஒன்று இரண்டு டஜன் மாணவர்கள் மட்டும் முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஃபெய்ன்மனே சொல்கிற கணக்கு.

முன்னுரையில் எனக்குப் பிடிக்காத இடம் அதற்கப்புறம் வருகிறது. கிப்பனைத் துணைக்குக் கூப்பிட்டு, போதனையால் பலன் பெறுகிறவர்கள் பெரும்பாலும் போதனையே தேவைப்படாதவர்கள்தான் என்று முடிக்கப் பார்க்கிறார். நல்ல ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதுதான் ஒரே வழி, ஆனால் கூட்டம் அதிகமாச்சே என்கிறார். சார், மொத்தமே 180 பேர்! இதைக் கூட்டம் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் எங்கே போவது?

அதே முன்னுரையில் போகிற போக்கில் ஒரு தகவல். கணக்கு போடுவது எப்படி என்று மூன்று லெக்சர் எடுத்தாராம். அவை இந்தத் தொகுதிகளில் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006-ல்தான் ‘ஃபெய்ன்மன்ஸ் டிப்ஸ் ஆன் பிசிக்ஸ்’ என்று ஒல்லியாக ஒரு புத்தகம் வந்தது. வாங்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த லெக்சர்களில் அவர் பேசுவது அந்த இரண்டு டஜன் பேரோடு அல்ல. பின்தங்கியவனோடு. கால்டெக்கைக் கீழேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆரம்பிக்கிறார். ஒரு வகுப்பில் பாதிப் பேர் சராசரிக்குக் கீழேதான் இருக்க முடியும், கணக்கு அப்படி என்று பொறுமையாக விளக்குகிறார். மனசு இதை ஏற்க மறுக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு உபாயம். எல்லா ஃபார்முலாவையும் உருப்போடாதே, ஒன்று மறந்தால் தெரிந்த மற்றவற்றிலிருந்து அதை மீட்டெடுக்கப் பழகு என்கிறார். நில அளவைக்காரர் தெரிந்த இரண்டு கல்லை வைத்து மூன்றாவது கல்லைக் கண்டுபிடிப்பது போல. டிஃபரன்ஷியேஷன், வெக்டர் எல்லாம் கை வலிக்கும்வரை போட்டுப் பார்க்கச் சொல்கிறார். கவர்ச்சி குறைவுதான். சபாஷ் போட வைக்கும் குட்டிப் பையன், கட்டைகள் எதுவும் கிடையாது. சில பக்கங்கள் டியூஷன் மாஸ்டர் மாதிரியே இருக்கின்றன. என் தீர்ப்பு: மூன்று தொகுதிகளில் இருந்திருக்க வேண்டிய முதல் அத்தியாயம் இதுதான். இதை வெளியே விட்டுவிட்டு, மேதைக்கு மேதை எழுதிய நூல் என்று பெயர் வாங்கிவிட்டார்கள்.

நண்பர் ஒருவரின் மகன். ப்ளஸ் டூவில் பள்ளி முதல் மாணவன். தெருவில் ஃப்ளெக்ஸ் போர்டே வைத்தார்கள். சிரிப்பும் பூவுமாகப் போய்ச் சேர்ந்த இன்ஜினீயரிங் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர். பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை. ‘இவனுக்கு என்ன குறை வெச்சேன்?’ என்று நண்பர் என்னிடம் கேட்டார். பையனிடம் கேளுங்கள் என்றேன். அவன் போனை எடுக்கவில்லையாம்.

மார்ச்சில் ஒருநாள் அவனே வீட்டுக்கு வந்தான். ஒன்றும் பேசவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று தடித் தொகுதிகளையும் எடுத்துக்கோப்பா என்றேன், பெருந்தன்மையாக. அது நெட்டிலேயே ஃப்ரீயா இருக்கு அங்கிள் என்றான். வாஸ்தவம்தான், 2013-லிருந்தே படிக்கக் கிடைக்கிறது. நடுவில் செருகியிருந்த ஒல்லிப் புத்தகத்தை உருவினான். நின்றபடியே முதல் சில பக்கங்களைப் படித்தான். காபி ஆறிப்போனது.

‘‘இதை எடுத்துட்டுப் போறேன் அங்கிள்’’ என்றான்.

நாலு மாசமாச்சு. இன்னும் திரும்பி வரவில்லை.