பின்னுக்குக் கொடுத்த பந்து

இந்தப் பருவம் முழுவதும் எங்கள் யாழ்ப்பாண உதைபந்தாட்ட மைதானங்களில் ஒரு சத்தம் ஓயவில்லை: "முன்னுக்கு அடியடா!" எங்கள் ஊர்க் கழகத்தின் நடுப் பின்கள வீரரைப் பார்த்துத்தான் அந்தக் கத்தல். பெயர் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியும். இரண்டாம் பாதியில் பந்து காலுக்கு வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். முன்னால் வெளி இருக்கும். ஆனாலும் திரும்பித் தன் கோல் காப்பாளருக்கே தட்டிவிடுவார். "வயது போட்டுது", "பயந்திட்டான்" என்று கயிற்றோரத்தில் உடனே தீர்ப்பு வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு பிழை. 1992இல் விதி மாறியபின், சக வீரர் வேண்டுமென்று காலால் தட்டிய பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்க முடியாது. எங்கள் தரையையும் நினைத்துப் பாருங்கள். கரையோரத்தில் மணல், வலிகாமத்தில் காய்ந்து இறுகிய செம்மண். பந்து எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அந்தத் தரையில், எதிரணியின் முன்கள வீரர் ஓடி வரும்போது, காப்பாளரின் நல்ல காலுக்குப் பந்தை அளந்து கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். பயந்தவன் தூக்கி அடிப்பான். அதற்குத்தான் நாங்கள் கைதட்டுகிறோம்.

பிறகு ஏன் அவர் முன்னேறுவதில்லை? சுற்றுப்போட்டி அவரை முன்னேற விடுவதில்லை. ஞாபகார்த்தக் கிண்ணங்கள் பெரும்பாலும் விலகல் முறையில்தான் நடக்கின்றன. பின்னேரம் ஒரே மைதானத்தில் இரண்டு, மூன்று ஆட்டங்களை அடுக்கிவிடுகிறார்கள். அடுத்த இரு அணிகளும் சப்பாத்துக் கட்டி ஓரத்தில் நிற்கும், ஆறரைக்குள் இருட்டிவிடும். மேலதிக நேரத்துக்கு இடமில்லை. சமநிலை என்றால் நேராகச் சமநிலை தவிர்ப்பு உதைதான். உதை தடுப்பதில் கெட்டிக்காரரான ஒரு காப்பாளரும் அவருக்குப் பின்னால் நிற்கிறார். இந்த நிலையில் கடைசிப் பத்து நிமிடம் அவர் ஏன் முன்னுக்கு ஓடி, முதுகுக்குப் பின்னால் வெளியைத் திறந்துவிட வேண்டும்? கணக்குத் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். 1994 உலகக் கிண்ணத்தில் வெற்றிக்கு 3 புள்ளி என்று ஆக்கியது சமநிலையின் ருசியைக் குறைக்கத்தான். எங்கள் கிண்ணங்களில் புள்ளியே கிடையாது.

சனம் குறைவதும் இதே கணக்கால்தான். 16 அணிகள் விலகல் முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். முதற் சுற்று முடிய 8 ஊர்கள் வீட்டுக்குப் போய்விடும். தன் ஊர் போனபின் கயிற்றோரத்தில் வந்து நிற்பவர் எத்தனை பேர்? அதே 16 அணிகளை நாலு நாலாகப் பிரித்து, குழுவுக்கு இருவரைக் காலிறுதிக்கு எடுத்தால் 31 ஆட்டங்கள் வரும். ஒவ்வோர் ஊரும் குறைந்தது மூன்று முறை மைதானத்துக்கு வரும். முதல் ஆட்டத்தில் தோற்றவரும் அடுத்ததில் அடித்து ஆடியே ஆகவேண்டும்.

குழு முறையும் லீக் போலத்தான், "லீக்குக்குச் சனம் வராது" என்று சொல்வோர் உண்டு. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை என்று லீக்குகள் இருக்கின்றனவே, கூட்டம் எங்கே என்று கேட்கிறார்கள். வேலைநாளில் மூன்றரை மணி வெய்யிலில் ஆட்டத்தை வைத்துவிட்டு லீக்கைக் குறை சொல்வது நியாயமா? தோட்டக்காரருக்கு மாலை இறைப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரியூசன் இருக்கிறது. மின்னொளியில் வைத்தால் வலிகாமத்தார் முகம் கழுவி, பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்திக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் இரவுத் தொழிலுக்குப் போகும் குருநகரும் பாசையூரும் அந்நேரம் கடலில் நிற்கும். அவர்களுக்கு ஞாயிறு பின்னேரம்தான் நாள். தீவுப் பக்கத்தாருக்கோ, குறிகாட்டுவானில் படகைத் தவறவிட்டால் அன்று நெடுந்தீவு இல்லை. ஆட்ட அட்டவணை போடுகிறவர் ஒருமுறை படகுத்துறையில் நின்று பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தின் வடக்கில் ரக்பி லீக் பிறந்ததே இந்த வேலைநாள் வழக்கில்தான். சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிக்கு, இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற தகராறு 1895இல் ரக்பியையே இரண்டாக்கியது. நூறு ஆண்டு கழித்து, 1996இல், அவர்கள் தங்கள் உயர்நிலை லீக்கைக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றினார்கள். 2007இலிருந்து ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களையும் ஒரே அரங்கில், ஒரே வார இறுதியில் வைக்கவும் தொடங்கினார்கள். எங்கள் கிண்ணக்காரர் எப்போதோ கண்டுபிடித்த வித்தை அது! 2015இல் பருவத்தின் நடுவே மேல் இரண்டு நிலைகளின் அணிகளையும் எட்டு எட்டாகப் பிரித்தும் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் யாரோடு, எங்கே ஆட்டம் என்பது முதற் கட்டம் முடியும்வரை தெரியாது. 2018ஓடு கைவிட்டார்கள்.

முன்கூட்டியே தெரிந்த நாளின் பலத்துக்கு எங்களிடமே சாட்சி இருக்கிறது. 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' என்ற கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டம் யுத்த காலத்தில் சில ஆண்டுகள் விடுபட்டது. இருந்தும் மார்ச் என்றால் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அதற்காகவே லீவு எடுத்து வருகிறார்கள். எங்கள் உதைபந்தாட்டத்துக்கு அப்படி ஒரு நாள் உண்டா? ஆட்டம் தள்ளிப்போனதை ஒலிபெருக்கியில் கேட்டுத்தானே திரும்பி வருகிறோம்.

வரப்போவதைச் சொல்கிறேன். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாள் ஊர் அங்கேதான். பிறகு மாரி மழைக்கு முன் மிஞ்சும் சில வாரங்களுக்குள் எல்லாக் கிண்ணங்களையும் திணிப்பார்கள். களைத்த கால்களோடு கோல்கள் குறையும், பின்பாசுகள் கூடும், கத்தலும் கூடும். ஏதாவது ஒரு கழகம் துணிந்து குழு முறைக்கு மாறி, கரையோர ஊர்களின் ஆட்டங்களை ஞாயிறிலும் மற்றவற்றை மின்னொளியிலும் வைத்தால், முதல் ஆட்டத்திலேயே எங்கள் பின்கள வீரர் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டுவார். அவரது ஓட்டம் எனக்குத் தெரியும், இன்னும் தேயவில்லை.

இப்போதைக்கு விலகல் முறைதான். எங்கள் கழகம் அரையிறுதிக்குப் போகும். ஆட்டம் சமநிலையில் முடியும். அவரை நாலு தரமாவது தூற்றுவார்கள். ஐந்தாவது உதைக்கு அவர்தான் நடந்து வருவார். பந்து காப்பாளரின் வலப்பக்கம், தரையோடு போகும்.