வெள்ளை அங்கியும் கறுப்புப் பெட்டியும்

1921 செப்டம்பர் 6-ஆம் தேதி ‘நியூயார்க் வோர்ல்டு’ நாளிதழ், வெள்ளை அங்கி அணிந்த இனவெறிக் கூட்டமான கு கிளக்ஸ் கிளானைப் பற்றி ஒரு தொடரை ஆரம்பித்தது. மூன்று வாரம், தினம் ஒரு கட்டுரை. ரகசியச் சடங்குகள், உறுதிமொழி, ஆள் சேர்ப்பவருக்கு எவ்வளவு கமிஷன், எந்த ஊரில் யாரைச் சவுக்கால் அடித்தார்கள், யார் மேல் தார் பூசினார்கள் என்று எல்லாம் அச்சேறின. மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் அதை வாங்கிப் போட்டன. அக்டோபரில் நாடாளுமன்றக் குழு கிளான் தலைவர் வில்லியம் சிம்மன்ஸைக் கூப்பிட்டு விசாரித்தது. மறு ஆண்டு பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கிளானுக்குக் கிடைத்தது உறுப்பினர்கள். பத்திரிகையில் அச்சான மாதிரி விண்ணப்பத்தையே கத்தரித்து, சந்தாவோடு அனுப்பிச் சேர்ந்தவர்கள் உண்டு என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தெற்கே ஒரு மூலையில் கிடந்த கூட்டத்துக்கு நாடு முழுக்க இலவச விளம்பரம். அடுத்த சில ஆண்டுகளில் அதன் பலம் பல லட்சங்களைத் தாண்டியது.

அமெரிக்கப் புலனாய்வு இதழியலைப் பற்றிப் பேசும்போது வாட்டர்கேட்டிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு ஜனாதிபதி பதவி இழந்தார். கதை சுபமாக முடிந்தது. எனக்கென்னவோ ‘வோர்ல்டி’ன் தோல்வியிலிருந்து தொடங்குவதுதான் சரியென்று படுகிறது. தீவிரவாத இயக்கங்களைப் பற்றி எழுதுவது ஒரு வேலை, அரசைக் கணக்குக் கேட்பது வேறொரு வேலை என்று பத்திரிகை அலுவலகங்கள் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன. நூறாண்டுச் செய்திகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிற்காது. அங்கியையும் தீச்சிலுவையையும் காட்டிய செய்திகள் பெரும்பாலும் வேடிக்கையாகவே முடிந்தன. அங்கி போட்டவனுக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவே கைமாறிய காகிதத்தைப் பிடித்த செய்திகள்தான் ஆட்களைச் சாய்த்தன.

இண்டியானா இதற்குச் சரியான சாட்சி. 1920களில் அந்த மாநிலத்தில் கிளானில் இரண்டரை லட்சம் பேர் வரை இருந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுடைய மாநிலத் தலைவர் டி.சி. ஸ்டீபன்சன் யாரைக் கைகாட்டினாரோ அவர் ஜெயித்தார். 1924-இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட் ஜாக்சனும் அந்த வகைதான். 1925-இல் மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற அரசு ஊழியரைக் கடத்தி வன்புணர்ந்து அவர் சாவுக்குக் காரணமான வழக்கில் ஸ்டீபன்சனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆளுநர் நம்மவர், மன்னிப்பு வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தார். மாதங்கள் ஓடின, மன்னிப்பு வரவில்லை. 1927-இல் தன் கறுப்புப் பெட்டிகளைத் திறந்துகாட்டினார்.

பெட்டிக்குள் இருந்தவை ரசீதுகள், காசோலைகள், பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதிச் சீட்டுகள். ‘இண்டியானாபொலிஸ் டைம்ஸ்’ அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டது. ஸ்டீபன்சன் ஆளுநருக்கு எழுதிக் கொடுத்த 2,500 டாலர் காசோலையும் அதில் ஒன்று. ஒரு குதிரை விற்ற காசு அது என்றார் ஆளுநர். குதிரையின் பெயர் ‘செனட்டர்’. இப்படி ஒரு பெயரைக் கதாசிரியன் வைத்தால் மிகை என்று ஆசிரியர் அடித்துவிடுவார். இண்டியானாபொலிஸ் மேயர் சிறைக்குப் போனார். ஆளுநர் மேல் லஞ்ச வழக்கு வந்தது; வழக்குத் தொடுக்க வேண்டிய காலக்கெடு தாண்டிவிட்டது என்ற சட்ட ஓட்டையில் அவர் தப்பினார், அரசியல் வாழ்வு தப்பவில்லை. மாநிலத்தில் கிளான் கலைந்தது. அங்கியின் படங்கள் செய்ய முடியாததை இந்தச் சீட்டுகள் செய்தன. ‘டைம்ஸ்’ 1928-இல் புலிட்சர் வாங்கியது.

காகிதத்தைப் பிடிக்கும் இந்த முறைக்கு மூதாதை ஒரு கறுப்பினப் பெண். 1892-இல் மெம்ஃபிஸில் மளிகைக் கடை நடத்திய மூவரைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸின் நெருங்கிய நண்பர். கறுப்பர்களைக் கும்பல் கொல்வதெல்லாம் வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கத்தான் என்பது அன்றைய பொதுப் புத்தி. வெல்ஸ் அதை ஊர் ஊராகப் போய் விசாரித்தார். பல சம்பவங்களின் பின்னால் வியாபாரப் போட்டியும் வேறு பகைகளும் இருந்தன. அவர் எழுதிய பத்திரிகையின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அதன் பிறகு அவரால் மெம்ஃபிஸில் வாழ முடியவில்லை. 1895-இல் அவர் வெளியிட்ட நூலில் சாமர்த்தியமான ஒரு காரியம் செய்தார். கொலைகளின் எண்ணிக்கைக்கும் காரணங்களுக்கும் ‘சிகாகோ டிரிபியூன்’ தொகுத்த பட்டியலையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். வெள்ளையர் பத்திரிகையின் கணக்கைக் கறுப்பர் கட்டிய கதை என்று யாரும் தள்ள முடியாதல்லவா? அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது 2020-இல் கிடைத்தது. அவர் இறந்தது 1931-இல்.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் யோசிக்க வைப்பது மிசிசிப்பி. 1956-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் இறையாண்மை ஆணையம் என்ற ஒன்றை உருவாக்கியது. தலைவர் ஆளுநரே. வேலை, இனப் பிரிவினைக்கு எதிரானவர்களை மக்களின் வரிப்பணத்தில் வேவு பார்ப்பது. 1977-இல் கடையை மூடியபோது, கோப்புகளை 2027 வரை யாரும் பார்க்கக்கூடாது என்று பூட்டு போட்டார்கள். 1989-இல் ஜெர்ரி மிட்செல் என்ற இளம் நிருபர், ஜாக்சன் நகரத்து ‘கிளாரியன் லெட்ஜர்’ இதழில் நீதிமன்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர், அந்தக் கோப்புகளில் சிலவற்றைக் கசியவைத்துப் பெற்றார்.

1963 ஜூன் 12-ஆம் தேதி மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராளி தன் வீட்டு வாசலில் முதுகில் சுடப்பட்டுச் செத்தார். பைரன் டி லா பெக்வித் மேல் 1964-இல் இரண்டு முறை வழக்கு நடந்தது. இரண்டு முறையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கோப்பில் மிட்செல் கண்டது இதுதான்: மாநில அரசு ஒரு கையால் பெக்வித் மேல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, மறு கையால் அதன் ஆணையம் ஜூரிக்கு அழைக்கப்படுபவர்களைப் பற்றி விசாரித்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தகவல் கொடுத்திருக்கிறது. இன்னார் நம்மவர், இன்னார் யூதராக இருக்கக்கூடும் என்ற ரீதியில் குறிப்புகள். சாதாரண தட்டச்சுத் தாள்கள். துப்பாக்கி எதுவும் படத்தில் இல்லை. செய்தி வந்ததும் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. 1994 பிப்ரவரி 5-ஆம் தேதி பெக்வித் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2001-இல் தண்டனைக் காலத்திலேயே செத்தார்.

மிட்செல் நிறுத்தவில்லை. பர்மிங்ஹாம் தேவாலயத்தில் 1963 செப்டம்பரில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். சந்தேகத்துக்குரிய பாபி ஃபிராங்க் செர்ரி, அதற்கு முந்தைய இரவு வீட்டில் டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மிட்செலிடமே சொன்னார். மிட்செல் அன்றைய நாளிதழின் டிவி நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடிப் பிடித்தார். அந்த இரவு எந்தச் சேனலிலும் மல்யுத்தம் இல்லை. 2002-இல் செர்ரிக்கு ஆயுள் தண்டனை. அத்தனை வருடம் யாரும் அந்தப் பட்டியலைப் பார்க்கத் தோன்றாமல் இருந்ததை என்னவென்பது! இதில் இன்னொன்றும் உண்டு. இந்த ‘கிளாரியன் லெட்ஜர்’ 1960களில் இனப் பிரிவினைவாதிகளின் ஊதுகுழலாக இருந்த பத்திரிகை. ஆணையம் கொடுத்த செய்திகளை அப்படியே போட்டதும் அதுதான். 1982-இல் உரிமையாளர் மாறிய பிறகே மிட்செல் போன்றவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

மத்திய அரசின் காகிதம் வேறு வழியில் வந்தது. 1971 மார்ச் 8-ஆம் தேதி இரவு, நாடே முகமது அலி – ஃபிரேஸியர் குத்துச்சண்டையில் ஆழ்ந்திருந்த நேரத்தில், பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரின் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் எட்டுப் பேர் புகுந்து கோப்புகளை அள்ளிப் போனார்கள். வியட்நாம் போரை எதிர்த்த சாதாரணக் குடிமக்கள். கோப்புகள் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் பெட்டி மெட்ஸ்கருக்குத் தபாலில் வந்தன. வெளியிட வேண்டாம் என்று அட்டர்னி ஜெனரல் கேட்டுக்கொண்டும் ‘போஸ்ட்’ மார்ச் 24-ஆம் தேதி வெளியிட்டது. அந்தக் குவியலில் ஒரு துண்டுச் சீட்டில் ‘கோயின்டெல்ப்ரோ’ என்று ஒரு தலைப்பு. அது என்னவென்று கேட்டு என்.பி.சி.யின் கார்ல் ஸ்டெர்ன் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு 1973 கடைசியில் பதில் வாங்கினார். அரசியல் இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. பல வருடமாக நடத்திய ரகசியத் திட்டம் அது. அந்தச் சட்டம் 1966-இல் வந்தது, நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு 39 வருடம் மூத்தது. ஆனாலும் வழக்குப் போடாமல் அங்கும் காகிதம் நகர்வதில்லை.

1975-இல் செனட் விசாரணையில் கேரி தாமஸ் ரோ என்பவர் முகமூடி போட்டுக்கொண்டு சாட்சி சொன்னார். கிளானுக்குள் எஃப்.பி.ஐ. வைத்திருந்த ஒற்றர். 1961-இல் பர்மிங்ஹாமில், பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த ‘சுதந்திரப் பயணி’களைக் கிளான் அடிக்கப் போகிறது, போலீஸ் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே வராது என்று அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். எஃப்.பி.ஐ. தடுக்கவில்லை. அடித்தவர்களில் ரோவும் இருந்தார். கிளான் எது, அரசு எது என்று இங்கே கோடு போட்டுக் காட்ட முடியுமா?

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. 2020 அக்டோபரில் மிஷிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மரைக் கடத்தத் திட்டமிட்டதாக ஒரு ஆயுதக் குழுவைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு பத்திரிகைகள் எஃப்.பி.ஐ.யைப் பாராட்டி எழுதின. ‘பஸ்ஃபீட் நியூஸ்’ நிருபர்கள் நீதிமன்ற ஆவணங்களைப் படித்து 2021 ஜூலையில் வேறொன்றை எழுதினார்கள். குழுவுக்குள்ளும் அதைச் சுற்றியும் குறைந்தது பன்னிரண்டு ஒற்றர்கள் இருந்தார்கள். சிலர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 2022 ஏப்ரலில் ஜூரி இருவரை விடுவித்தது. மற்ற இருவர் ஆகஸ்டு மறுவிசாரணையில் குற்றவாளிகள் ஆனார்கள். சதியும் இருந்தது, அரசின் கை நீளமும் இருந்தது. இரண்டையும் ஒரே கட்டுரையில் சொல்லத் துணிவு வேண்டும். ஏனென்றால் இரு தரப்பு வாசகர்களும் கோபிப்பார்கள். ‘பஸ்ஃபீட்’டின் அந்தச் செய்திப் பிரிவு 2023-இல் மூடப்பட்டது.

வெள்ளை இனவாதிகளின் சார்லட்ஸ்வில் ஊர்வலம் நடந்த 2017-ஐத் தொடர்ந்து தீவிரவாதத்தைப் பற்றி எழுதும் துறையில் ஆட்கள் பெருகினார்கள். ‘புரோபப்ளிகா’ வீடியோக்களில் முகங்களை ஒப்பிட்டு அடிதடியில் இறங்கியவர்களை அடையாளம் கண்டது. ‘ரிவீல்’ 2019-இல் முகநூலின் தீவிரவாதக் குழுக்களில் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் உறுப்பினராக இருப்பதை வெளியிட்டது. அதே 2017-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒஹையோவைச் சேர்ந்த ஒரு நாஜி அனுதாபியின் வீட்டுக்குப் போய், அவருடைய கல்யாணப் பரிசுப் பட்டியலில் அன்னாசி நறுக்கும் கருவி இருந்ததுவரை எழுதியது. வாசகர்கள் கொதித்தார்கள், ஆசிரியர் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. 96 வருடம் கழித்தும் அங்கியின் மேல் கண் போகிறது. இம்முறை அங்கி சாதாரணச் சட்டையாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலைப் பற்றிய தொடருக்கு ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2022-இல் புலிட்சர் வாங்கியது. எச்சரிக்கைகள் எந்த மேசை வரை வந்து நின்றன என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்தத் தாக்குதல் வழக்குகளில் ‘ஓத் கீப்பர்ஸ்’ என்ற தீவிரவாதக் குழுவின் தலைவருக்கு 18 ஆண்டு, ‘பிரவுட் பாய்ஸ்’ குழுவின் தலைவருக்கு 22 ஆண்டு தண்டனை கிடைத்தது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி டிரம்ப் மறுபடி பதவியேற்ற அன்றே, தாக்குதல் வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் வழங்கினார். ஸ்டீபன்சன் ஆசைப்பட்டது இவர்களுக்குக் கிடைத்தது.

பெரிய பத்திரிகைகளின் கணக்கு இது. நான் அதிகம் மதிப்பது ஓக்லஹோமாவின் ‘மெக்கர்டன் கெஜட்’டை. சிற்றூர்ப் பத்திரிகை. பொதுக்கூட்டம் முடிந்த பிறகு மாவட்ட அதிகாரிகள் சட்டவிரோதமாகத் தனியே கூடிப் பேசுகிறார்கள் என்று அதன் உரிமையாளர் புரூஸ் வில்லிங்ஹாம் சந்தேகப்பட்டார். 2023 மார்ச்சில் ஒருநாள் கூட்ட அறையிலேயே ஒலிப்பதிவுக் கருவியை விட்டுவிட்டு வந்தார். திரும்ப எடுத்துக் கேட்டால், ஷெரீஃபும் ஓர் ஆணையரும் மற்றவர்களும் சேர்ந்து அவரையும் நிருபரான அவர் மகனையும் தீர்த்துக்கட்டிப் புதைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்போலக் கறுப்பர்களைத் தூக்கில் தொங்கவிட முடியவில்லையே என்ற அங்கலாய்ப்பும் பதிவாகியிருந்தது. பத்திரிகை வெளியிட்டது. பதவி விலகச் சொன்னார் ஆளுநர். ஆணையர் மட்டும் விலகினார். ஷெரீஃபை நீக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மாநில அட்டர்னி ஜெனரல் கைவிரித்தார். 2024 ஜூனில் நடந்த கட்சி உட்தேர்தலில் அந்த மாவட்டத்து வாக்காளர்களே ஷெரீஃபைத் தோற்கடித்தார்கள்.

2005-க்குப் பிறகு அமெரிக்காவின் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன. 200-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இன்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுகூட இல்லை.